நல்ல தாளில் ஒரு பதில்

பொதிகை மலையடியில் உலகம்மை என்றொரு குரு இருந்தார். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் பூதலிங்கம் அவருடைய சீடர். குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். இருவரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

மாசி மாதத்தில் ஒரு காலை, பூதலிங்கம் தகரப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மடத்துக்கு வந்தார்.

"என்ன அது?"

"தாள்கள், அம்மா. நான் சேர்த்தவை. இதில் ஒன்றை நீங்கள் எடுத்துத் தர வேண்டும்."

பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாயில் பரப்பினார். சாமந்தி இதழ்களைக் காகிதக் கூழிலேயே சேர்த்து வார்த்த தாள். வாழைநாரில் செய்த, ஓரம் வெட்டாத தாள். உள்பக்கம் மட்டும் நீலம் பூசிய உறைகள். பட்டு நூலால் தைத்த நோட்டு ஒன்று. எதிலும் ஓர் எழுத்துகூட இல்லை.

உலகம்மை அவசரப்படவில்லை. வாழைநார்த் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓர் உறையைத் திறந்தார். உள்ளே இருந்த நீலத்தைக் கண்டு சிரித்தார்.

"செய்தவருக்கு நல்ல மனசு. பிரிப்பவருக்கு மட்டும் தெரியட்டும் என்று வைத்திருக்கிறார்."

"ஆமாம், அம்மா."

"யாருக்கு எழுதப் போகிறீர்கள்?"

"அக்கா மகள் செண்பகத்துக்கு."

பூதலிங்கத்தின் அக்கா ஆவுடையம்மாள் புரட்டாசியில் இறந்துபோயிருந்தார். அது குருவுக்குத் தெரியும்.

"என்ன எழுத வேண்டும்?"

சீடர் தாளின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"அக்காவுக்குக் கடைசியில் காது அடியோடு போய்விட்டது. போனில் பேச வழியில்லை. அதனால் எனக்கு எழுதிப் போடுவாள். மருந்துச் சீட்டின் பின்புறம், கல்யாணப் பத்திரிகையில் மிச்சமிருக்கும் இடம், எது கிடைத்தாலும் அதில். நீயும் நாலு வரி எழுதுடா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள்."

"எழுதினீர்களா?"

"உட்காருவேன். இவ்வளவு அழகான தாளில் மழை பெய்தது, சளி பிடித்தது என்றா எழுதுவது என்று தோன்றும். நல்ல வார்த்தை வரட்டும் என்று மூடி வைத்துவிடுவேன்."

"வந்ததா?"

"இல்லை."

பூதலிங்கம் திறந்து கிடந்த உறையை மூடிவைத்தார்.

"ஐப்பசியில் செண்பகம் எழுதியிருந்தாள். 'வீட்டில் அம்மா பேசுவாள், நான்தான் எழுதிக் காட்டுவேன். அதனால் அவள் கையெழுத்து ஒன்றுகூட என்னிடம் இல்லை மாமா, உங்களுக்கு வந்ததில் ஒன்றைக் கொடுங்கள், போதும்' என்று."

"கொடுக்கலாமே."

"இல்லை, அம்மா." அவர் குரல் இறங்கியது. "கசங்கிய சீட்டுதானே என்று படித்ததும் செய்தித்தாளோடு போட்டுவிடுவேன். பழைய பேப்பர்காரர் எடுத்துப் போய்விட்டார். எல்லாம் போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கு நல்ல தாளிலாவது பதில் எழுதலாம் என்று பார்க்கிறேன். எந்தத் தாள் பொருத்தம் என்று இன்னும் தெரியவில்லை."

உலகம்மையின் முகத்தில் கோபம் இல்லை. ஆறுதலும் இல்லை.

"அக்கா எழுதியதில் ஏதாவது நினைவிருக்கிறதா?"

பூதலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"'கோயில் மணி கேட்கவில்லை, ஆனால் அடிக்கும்போது தரை அதிர்வது காலுக்குத் தெரிகிறது' என்று ஒரு தடவை. 'செண்பகம் என்னிடம் கோபித்துக்கொண்டால் முகம் கொடுக்க மாட்டாள், தோசையை மட்டும் எனக்குப் பிடித்த மாதிரி முறுகலாக வார்த்து வைப்பாள்' என்று ஒரு தடவை."

"அம்மா இப்படி எழுதியது செண்பகத்துக்குத் தெரியுமா?"

"தெரிய வழியில்லை."

குரு வாழைநார்த் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். பேனாவையும் வைத்தார்.

"எழுதுங்கள்."

"நான் எழுதினால் அது அக்காவின் கையெழுத்து ஆகாதே."

"ஆகாது."

"சீட்டுகளைத் தூக்கிப் போட்டதையும் எழுத வேண்டுமா?"

"அதை முதலில் எழுதுங்கள்."

பூதலிங்கம் குனிந்தார். முதல் வரியிலேயே மை நாருக்குள் ஊறிப் பரவியது. கை நின்றது. நிமிர்ந்து குருவைப் பார்த்தார். குரு வாசலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சீடர் மறுபடி குனிந்து எழுதினார். பக்கம் நிறைந்ததும் தாளைத் திருப்பிப் பின்புறமும் எழுதினார். இடையில் ஒருமுறை எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

எல்லாம் எழுதி முடித்த பிறகும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. தாளின் மேல் மூலையில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்.

"அம்மா."

"சொல்லுங்கள்."

"ரொம்பத் தாமதமாகப் போகிறது. ஐப்பசித் தேதி ஒன்றைப் போட்டுவிட்டால், மாமா அப்போதே எழுதிவிட்டார், தபாலில்தான் எங்கோ தங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். அவளுக்கும் அவ்வளவு வலிக்காது."

உலகம்மை அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்றைய தேதியைப் போடுங்கள். நம் கையில் இருப்பது அது ஒன்றுதான்."