அகலப் பாதை கார்டும் மாசானமுத்துவின் பந்தயமும்

மொட்டைப்பனைவிளைக்கு ஒரு டிக்கெட் என்று கேட்டால் கண்டக்டர் முதலில் சிரிப்பார், பிறகுதான் டிக்கெட்டைக் கிழிப்பார். நாங்கள் கோபித்துக்கொள்வதில்லை. எதற்குச் சிரிக்கிறார் என்று தெரிந்தால்தானே கோபப்பட முடியும். நானும் அந்த ஊர்க்காரன்தான். ஆகையால் இந்தக் கதையில் எங்கேயாவது கிறுக்குத்தனம் தட்டுப்பட்டால், அது நடந்ததில் இருந்ததா, நான் சொன்னதில் வந்ததா என்று தயவுசெய்து என்னிடம் கேட்க வேண்டாம்.

எங்கள் ஊரில் மாசானமுத்து, ஜெபசிங், தவசிக்கனி என்று மூன்று கூட்டாளிகள். ஜெபசிங்குக்கு சைக்கிள் கடை. தவசிக்கனி முருங்கைக்காய் மூட்டை கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறவன். மாசானமுத்து பால் சொசைட்டியில் பால் அளக்கிறவன். மூன்று பேரில் விவரமானவன் மாசானமுத்துதான். அதை அவனே சொல்வான். சொல்லிவிட்டு, "நானே விவரமானவன்னா மத்த ரெண்டு பேரையும் யோசிச்சுப் பாத்துக்கிடுங்க" என்று பெருமூச்சும் விடுவான்.

மாசானமுத்துவுக்குப் பக்கத்து ஊர் பொன்செல்வி மேல் உயிர். முறைப்பெண்தான். ஆனால் அவளைப் பார்க்க நாகர்கோவிலிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது, அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை. மாசானமுத்து நடுங்கிப்போய் அவளுக்கு போன் போட்டு, உன் மனசில் என்னதான் இருக்கிறது என்று கேட்டான். அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"அத்தான், கார் ரேஸ் கேம்ல எங்கூட ஒரு பந்தயம் கடைசி வரைக்கும் ஓடுங்க. ஜெயிக்கெல்லாம் வேண்டாம். விட்டுட்டு ஓடாம இருந்தா போதும். அன்னைக்கே அப்பாட்ட பேசுதேன்."

இது என்ன பெரிய காரியம் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் பொன்செல்வியோடு ஓடிய எவனும் அந்தப் பந்தயத்தை முடித்ததே இல்லை என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பேச்சு. எல்லாரும் பாதியிலேயே எழுந்து போயிருக்கிறார்கள். அவ்வளவு பயங்கரமாக ஓட்டுவாள் போலிருக்கிறது என்று மாசானமுத்து முடிவுகட்டினான்.

இவன் பக்கமோ நிலைமை மோசம். சைக்கிள் கடைப் பின்னறையில் இருந்த கம்ப்யூட்டரில் கார் ஓடாது. நிற்கும், நின்று ஒரு குதி குதிக்கும், மறுபடி நிற்கும். அது நின்ற நேரத்தில் மாசானமுத்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு, குதிக்கும்போது சரியாகத் திருப்புவான். மூன்று வருஷமாக அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். பாதி நாள் கார் ஓடையில் கிடக்கும்.

மூவரும் டவுனுக்குப் போய் கம்ப்யூட்டர் கடை சேவியர் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். நல்ல மனுஷன். புரியும்படி சொல்ல வேண்டும் என்று நினைத்ததுதான் அவர் செய்த தப்பு. கம்ப்யூட்டருக்குப் படம் வரைந்து கொடுக்கிற கிராஃபிக்ஸ் கார்டை ஒரு கல்யாண வீட்டுச் சமையல் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். உள்ளே இருக்கிற சிப்புதான் சமையல்காரர். மெமரி என்பது சாமான் வைத்திருக்கும் அறை. அந்த அறைக்கும் அடுப்புக்கும் நடுவில் இருக்கிற பாதையின் அகலம்தான் மெமரி பேண்ட்வித். பாதை குறுகலாக இருந்தால் சமையல்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், அப்போது அகலமாக்கினால் கேம் வேகமாகும். சமையல்காரரே மந்தமென்றால் பாதையைத் தேரோடும் வீதி போல ஆக்கினாலும் பிரயோஜனமில்லை. எதற்கும் பெட்டியைக் கொண்டுவாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

இத்தனையில் மூவர் காதிலும் ஏறியது அகலம் ஒன்றுதான். இருப்பதிலேயே பாதை அகலமான கார்டு எதுவோ அதைக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

சைக்கிள் கடை வாசலில் ஜெபசிங் நின்றுவிட்டான். பின்னறைக் கதவு இரண்டரை அடி.

"ஏல மாசானம், இம்புட்டு அகலப் பாதையை வாங்கிட்டோம். இந்த வாசல் வழியா அது எப்படில உள்ள போவும்?"

கார்டு இருந்த அட்டைப்பெட்டி தவசிக்கனியின் அக்குளில் இருந்தது. மூவரும் அந்தப் பெட்டியைப் பார்த்தார்கள், கதவைப் பார்த்தார்கள், மறுபடி பெட்டியைப் பார்த்தார்கள். வெளியில் சின்னதாகத்தான் தெரிகிறது, பாதை உள்ளேதானே இருக்கிறது என்று தவசிக்கனி சொன்னது மற்ற இருவருக்கும் நியாயமாகப் பட்டது. இரண்டு நாளில் நிலையைப் பெயர்த்து, சுவரை இடித்து, ஐந்து அடிக்கு வாசல் வைத்தார்கள். பெட்டி தாராளமாக உள்ளே போயிற்று.

கார்டை அவர்களே மாட்டினார்கள். கேமைப் போட்டார்கள். கார் நின்றது, குதித்தது, நின்றது.

சேவியர் அண்ணாச்சிக்கு போன் போட்டார்கள். அவர் கடையில் கூட்டம். படம் பெரிதாக இருந்தால் பாதையில் போகவேண்டிய சாமானும் அதிகம், படத்தைச் சின்னதாக்கிப் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். ஜெபசிங் செய்தித்தாள் எடுத்து மானிட்டரின் நாலு பக்கமும் பசை தடவி ஒட்டினான். நடுவில் ஒரு போஸ்ட் கார்டு அளவுக்கு இடம் விட்டான். மாசானமுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்த ஓட்டை வழியாகக் கார் ஓட்டினான். கார் ஓடையில் கிடந்தது. பேப்பரில் வந்திருந்த ராசிபலனில் அவனுக்கு வாகன யோகம் என்று போட்டிருந்தது.

மறுநாளும் போன். சூடாகிறதா, காற்று நன்றாகப் போகிறதா என்று அவர் கேட்டார். சைக்கிள் கடையில் காற்றுக்கா பஞ்சம். கைப்பம்பை எடுத்து வந்து தவசிக்கனி அடித்தான். எவ்வளவு அடிக்க வேண்டும் என்று வாக்குவாதம் வந்தது. முன் சக்கரத்துக்கு அடிப்பதா, பின் சக்கரத்துக்கு அடிப்பதா என்று ஜெபசிங் தொழில்காரன் தோரணையில் கேட்டான். பாரம் இழுப்பது பின் சக்கரம்தான், அதனால் பின் சக்கரக் கணக்குக்கு அடி என்று மாசானமுத்து தீர்ப்புச் சொன்னான். உள்ளே மூன்று வருஷமாகக் கிடந்த தூசியெல்லாம் கிளம்பி மூவர் முகத்திலும் அப்பியது. கேம் அப்படியேதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்று பேசிவைத்த பந்தயத்துக்கு இன்னும் மூன்று நாள்தான். நாகர்கோவில் மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு மாசானமுத்துவின் கனவில் வந்து பால் அளந்தான். கடைசியில், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தார்கள். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போனார்கள்.

சேவியர் அண்ணாச்சி, எப்படி மாட்டியிருந்தீர்களோ அப்படியே மாட்டிக் காட்டுங்கள் என்றார். பெட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். மானிட்டர் வயர் பழைய ஓட்டையிலேயே இருந்தது. புது கார்டு, பந்தியில் இடம் கிடைக்காத விருந்தாளி மாதிரி, இத்தனை நாளும் சும்மா உட்கார்ந்திருந்தது. வயரைப் பிடுங்கி கார்டில் சொருகினார். கார் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு ஓடியது.

"பாதை அகலமோ குறுகலோ, அடுப்பையே பத்த வைக்கலியேல. இனி செத்தாலும் இந்த வயரைக் கழட்டிராதீங்க."

அவர் சொன்னால் சொன்னதுதான். வயரைக் கழற்றாமலே பஸ் ஏறினார்கள். பெட்டி ஜெபசிங் தலையில், மானிட்டர் தவசிக்கனி தலையில், நடுவில் ஒரு முழ வயர். ஒருவன் தும்மினால் இன்னொருவனும் குனிய வேண்டும். இறங்குகிற இடத்தில் ஜெபசிங் முன்வாசலுக்கும் தவசிக்கனி பின்வாசலுக்கும் கிளம்பியதில் பஸ் கால் மணி நேரம் நின்றது. அன்றைக்கு கண்டக்டர் சிரிக்கவில்லை, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். வயர் மட்டும் கழலவில்லை.

ஊருக்கு வந்து மாசானமுத்து ஓட்டிப் பார்த்தான். அங்கேதான் புது வினை. கார் நிற்கவில்லை. நின்றால்தானே ஒன்று, இரண்டு எண்ணித் திருப்ப முடியும். முதல் வளைவிலேயே சுவரில் போய் முட்டியது. நாற்பது தடவை ஓட்டினான், நாற்பது தடவையும் அதே சுவர். மாசானமுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"வேகமான கார்டு வாங்கினது தப்பில்லல. அதுக்கேத்த மண்டை வாங்காம விட்டுட்டேன். பொன்செல்வி எனக்கில்ல."

அவன் அழுவதை மற்ற இருவரும் அதற்கு முன் பார்த்ததில்லை. தவசிக்கனி வீட்டுக்குப் போய், முருங்கைக்கீரை உதறுகிற சுளகை, அந்த ஓலை முறத்தை, எடுத்து வந்தான். மானிட்டருக்குப் பக்கத்தில் நின்று, ஒன்று, இரண்டு என்று சுளகால் மறைத்தான், எடுத்தான். மறைத்தான், எடுத்தான். படம் பழையபடி நின்றது, குதித்தது. மாசானமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு திருப்பினான். கார் வளைவைத் தாண்டிப் போயிற்று. ஊரிலேயே வேகமான கார்டை ஊரிலேயே பழைய சுளகு கட்டி ஆண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. அந்த ஊரில் பொன்செல்வி, இந்த ஊரில் மாசானமுத்து. தவசிக்கனி சுளகு வீச, ஜெபசிங் அவனுக்கு மோர் ஊட்ட, கார் போயிற்று. மலை தாண்டி, பாலம் தாண்டி, கடைசிக் கோடு கண்ணில் பட்டது. மாசானமுத்து கோட்டுக்குப் பத்தடி முன்னால் பிரேக் போட்டான். பொன்செல்வியைக் காணவில்லை. அவள் எப்போதோ முடித்துவிட்டு வீட்டு வேலை பார்க்கப் போயிருப்பாள் என்று நினைத்து போன் போட்டான்.

"பொன்செல்வி, நான் கோட்டுகிட்ட வந்துட்டேன். நீ எங்க நிக்க?"

"மொத வளைவுலதான் அத்தான். முன்னால ஒரு லாரி நிக்கு. அது போகட்டும்னு இண்டிகேட்டர் போட்டு நிக்கேன்."

அந்த லாரி கேமில் ஓரமாக வரைந்து வைத்த லாரி. கேம் வந்த நாளிலிருந்து அது அங்கேதான் நிற்கிறது. பொன்செல்வியோடு ஓடியவர்கள் ஏன் பாதியில் எழுந்து போனார்கள் என்று மாசானமுத்துவுக்கு அப்போதும் புரியவில்லை. பாவம், தனியாக நிற்கிறாளே என்றுதான் அவனுக்குத் தோன்றியது.

கோட்டைத் தாண்டிவிடலாமா என்று மூவரும் ஆலோசித்தார்கள். கூட வந்த பெண்ணை நடுரோட்டில் விட்டுவிட்டு நாம் மட்டும் வீடு சேர்வது முறையில்லை, நாளைக்கு ஊர் என்ன பேசும் என்றான் ஜெபசிங். மாசானமுத்து காரைத் திருப்பினான். வந்த வழியே, எதிர்த் திசையில், அவளைக் கூட்டிவரக் கிளம்பினான். பாலம் தாண்டினான், மலை தாண்டினான். அதற்குள் லாரி நகராது என்று பொன்செல்விக்கு ஒருவழியாக விளங்கி, அவளும் கிளம்பியிருந்தாள். அவள் கார் எதிரே வந்தபோது தவசிக்கனியின் சுளகு மறைத்திருந்தது. எடுத்தபோது இரண்டு காரும் ஒன்றாக எரிந்துகொண்டிருந்தன.

ஜெபசிங்தான் முதலில் சுதாரித்தான். மாசானமுத்துவைப் பிடித்துப் பெஞ்சில் படுக்க வைத்து, அசையாதே என்றான். தலையிலும் காலிலும் துணி கிழித்துக் கட்டினான். உள்காயம் வெளியில் தெரியாது என்றான் தவசிக்கனி. மாசானமுத்துவுக்கும் இடுப்பில் லேசாக வலிக்கிற மாதிரிதான் இருந்தது.

ஒரு மணி நேரத்தில் வாசலில் பைக் வந்து நின்றது. பொன்செல்வியின் அப்பா ராஜாமணி மாமா. அவள் சொன்ன சொல் தவறாமல் பேசியிருக்கிறாள். மாமா கையில் பன் ரொட்டியும் அரை டஜன் சாத்துக்குடியும் இருந்தன. பெஞ்சுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மாசானமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"டவுன்லயே அகலமான பாதையா வாங்குனீங்கன்னு சொன்னாவ. அதுல எப்படி மாப்ள நேருக்கு நேரா மோதுனீங்க?"

மாசானமுத்து பதில் சொல்ல வாயைத் திறந்தான். அடிபட்டவனைப் பேச வைக்காதீர்கள் என்று ஜெபசிங் தடுத்துவிட்டான். மாமாவும் அது சரிதான் என்று தலையாட்டினார். நாகர்கோவில்காரர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும், தன் மகளுக்கு இவன்தான் என்று முடிவாகிவிட்டதாகவும் சொன்னார். சாத்துக்குடியை ஒவ்வொன்றாக எடுத்துப் பெஞ்சில் வைத்தார். பிறகு கட்டுப்போட்ட காலை மெல்லத் தடவிவிட்டு எழுந்தார்.

"தேதி மட்டும் இப்ப குறிக்க வேண்டாம் மாப்ள. அவளையும் வீட்ல கட்டுப் போட்டுத்தான் படுக்க வச்சிருக்கோம். ரெண்டு பேரும் மொதல்ல எந்திரிச்சு நடங்க."