எல்லாரும் இரண்டாவதாகக் கோத்த வேர்

"இந்தத் தடவையும் கங்காருதான்!" என்று யூகலிப்டஸ் மரத்தில் இருந்த வெள்ளைக் காக்கட்டூக் கிளி கத்தியது.

"ஈமுதான்! ஈமுதான்!" என்று பக்கத்து மரத்துக் காக்கட்டூ அதைவிட உரக்கக் கத்தியது.

கீழே தன் வளை வாசலில் உட்கார்ந்து புல்வேர் மென்றுகொண்டிருந்த துருவி, காது இரண்டையும் மடக்கிக்கொண்டாள். துருவி ஒரு வாம்பட். குட்டிக் கரடி மாதிரிக் குண்டு உடம்பு, குட்டைக் கால், மண்ணைக் கண்டால் சும்மா இருக்க முடியாத நகம். ஆஸ்திரேலியாவின் அந்தச் செம்மண் காட்டில் அவளைவிட நன்றாகத் தோண்டத் தெரிந்தவர் கிடையாது. அவளைவிடக் கூச்சப்படுகிறவரும் கிடையாது.

அந்தக் காட்டுக்கு ஒரே ஒரு குளம். குளத்துக்கு ஒரு காவலர். குன்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது அவர் பொறுப்பு. அவர் உத்தரவில்லாமல் ஊற்றங்கரையில் யாரும் ஒரு பிடி மண் எடுக்கக் கூடாது. காவலரைக் காடே கூடித் தேர்ந்தெடுக்கும். இதுவரை கங்காருவோ, நெருப்புக்கோழி மாதிரிப் பறக்காத நெட்டைப் பறவையான ஈமுவோதான் காவலராக இருந்திருக்கிறார்கள். மற்றவர்கள் நின்றதே இல்லை.

கங்காருக்கள் வந்தால் குன்றுக்கு இடப்பக்கமாக வாய்க்கால் வெட்டுவார்கள். பாதி வெட்டுவதற்குள் ஈமுக்கள் வந்துவிடுவார்கள். வந்ததும் முதல் வேலையாக அதை மூடிவிட்டு வலப்பக்கம் வெட்டுவார்கள். அப்புறம் கங்காருக்கள் வந்து அதை மூடுவார்கள். போதாக்குறைக்கு இரண்டு கட்சியிலும் தலைவரைத் திடீர் திடீரென்று இறக்கிவிட்டு வேறொருவரை உட்கார வைப்பார்கள். காலையில் தண்ணீர் குடிக்க வருகிறவர்கள், "இன்னிக்கு யாருப்பா காவலர்?" என்று விசாரித்துவிட்டுத்தான் வணக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

குளம் மட்டும் யாரையும் விசாரிக்காமல் வற்றிக்கொண்டே போனது.

"துருவி அக்கா!" என்று மூச்சிரைக்க ஓடி வந்தாள் நீரா. அவள் ஒரு பிளாட்டிபஸ். வாத்து அலகு, வழவழப்பான ரோமம், நீச்சலில் மின்னல், நிலத்தில் நொண்டி. அவள் வளை குளக்கரையில் இருந்தது. அதன் வாசல் எப்போதும் தண்ணீருக்குள் மறைந்திருக்கும்.

"அக்கா, என் வாசல் வெளியே தெரிய ஆரம்பிச்சிடுச்சு! குட்டிங்க இன்னும் கண்ணே திறக்கலை. எதிர்க்கரையில உடும்பு படுத்துக்கிட்டு என் வாசலையே பாக்குது!"

துருவி மெல்லுவதை நிறுத்தினாள். நீராவின் குட்டிகளை அவள் பார்த்திருக்கிறாள். அவரை விதை அளவுக்குத்தான் இருந்தன.

"குன்றைச் சுத்தி வெட்டுறதே தப்பு நீரா," என்றாள் துருவி. "குன்றுக்கு அடியில நேரா ஒரு சுரங்கம் போட்டாப் போதும். உள்ளே மண்ணு மெத்துன்னு இருக்கு. நான் மோந்து பாத்திருக்கேன்."

"இதைக் காவலர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"எந்தக் காவலர்கிட்ட? நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஆளு மாறிடுது!"

"அப்ப நீயே நில்லு!"

துருவி பாதி வேரை மெல்லாமலே விழுங்கிவிட்டாள். "நானா? நாலு பேர் முன்னால நின்னாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கும்!"

"என் குட்டிங்களுக்காக நில்லுக்கா."

அதற்கு மேல் துருவியால் மறுக்க முடியவில்லை. நின்றாள்.

அந்தக் காட்டில் தேர்தல் நடக்கும் விதமே தனி. ஆளுக்கொரு நீளப் புல் கொடுப்பார்கள். நிற்பவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு அடையாளம் உண்டு. இந்த முறை கங்காருவுக்குச் சிவப்பு விதை, ஈமுவுக்கு இறகு, துருவிக்கு வேர். புதருக்குப் பின்னால் போய், ரொம்பப் பிடித்தவரை முதலிலும், அடுத்துப் பிடித்தவரை இரண்டாவதாகவும், பிடிக்காதவரைக் கடைசியிலும் கோத்து, புல்லை மரப்பொந்தில் போட்டுவிட வேண்டும். எல்லாரும் கட்டாயம் வர வேண்டும். வராதவர் மறுநாள் கடைசியாகத்தான் தண்ணீர் குடிக்கலாம். வந்தவர்களுக்கு வேலம் விதையைத் தேனில் பிசைந்து உருண்டை கொடுப்பார்கள். பாதிப் பேர் வருவதே அந்த உருண்டைக்குத்தான்.

துருவி ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தாள்.

"உனக்கில்லாம யாருக்கு?" என்றது மரக்கிளையைக் கட்டிப்பிடித்துத் தூங்கிக்கொண்டிருந்த கோவாலா, ஒரு கண்ணை மட்டும் திறந்து. "சுரங்கம் அருமையான யோசனை. மனசெல்லாம் நீதான். ஆனா நீ ஜெயிக்க மாட்டியே! உன்னை முதல்ல கோத்தா கங்காரு உள்ளே வந்துடும். அதனால..." என்று இழுத்துவிட்டுத் தூங்கிப்போனது.

அடுத்த மரத்திலும் அதே பேச்சு. "மனசெல்லாம் நீதான்! ஆனா உன்னை முதல்ல கோத்தா ஈமு உள்ளே வந்துடும்!"

புற்களை எண்ணும் ஆமையார் தொண்டை வறள விளக்கினார். "ஐயா, பயப்படாதீங்க! முதலிடம் குறைவா வாங்கினவர் விழுந்துட்டா, அவரோட புல்லெல்லாம் ரெண்டாவதா கோத்தவருக்குப் போகும். எதுவும் வீணாகாது!"

யார் கேட்டார்கள்? பொந்துக்குப் போகும் வழி நெடுக காக்கட்டூக்கள் நின்று, "இப்படிக் கோத்துடுங்க! இல்லைன்னா அவன் வந்துடுவான்!" என்று கத்திக் கத்தியே எல்லார் மூளையையும் கலக்கிவிட்டன.

துருவியின் முறையும் வந்தது. புதருக்குப் பின்னால் போய்ப் புல்லைக் கையில் எடுத்தாள். வேரை எடுத்தாள். அப்போது வெளியே ஒரு காக்கட்டூ, "ஈமு வந்தா இருக்குற வாய்க்காலையும் மூடிடுவாங்க!" என்று அலறியது. துருவி வேரைக் கீழே வைத்தாள். கங்காருக்கள் வெட்டிய பாதி வாய்க்காலாவது மிஞ்சட்டுமே. தான் எங்கே ஜெயிக்கப் போகிறோம்! சிவப்பு விதையை முதலில் கோத்தாள். வேரை இரண்டாவதாகக் கோத்தாள். உருண்டையை வாங்கிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் வந்துவிட்டாள்.

மாலையில் ஆமையார் பொந்தைத் திறந்து எண்ணினார்.

"முதலிடத்தில் வேர், ஒன்றே ஒன்று! துருவி விழுந்தாச்சு!"

காக்கட்டூக்கள் விழுந்து விழுந்து சிரித்தன. நீரா மட்டும் சிரிக்கவில்லை. துருவியின் பக்கம் மெல்லத் திரும்பினாள்.

"அக்கா, அந்த ஒண்ணு நான் கோத்தது. அப்ப... உன்னோடது?"

துருவி எத்தனையோ பேர் கேலியைத் தாங்கியிருக்கிறாள். இந்தக் கேள்வியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தன் வளைக்குள் போய்ச் சுருண்டு, சத்தம் வராமல் அழுதாள்.

அவள் பயந்து கோத்ததும் வீண்தான். கொஞ்சம் வித்தியாசத்தில் ஈமு ஜெயித்தது. மறுநாளே கங்காரு வெட்டிய வாய்க்காலை மூடினார்கள்.

ஈமுத் தலைவர் நெட்டையன் படையோடு ஊற்றுக்குக் கிளம்பினான். "எங்க வாய்க்காலையா மூடினீங்க?" என்று கங்காருத் தலைவர் செம்பன் எதிரே வந்தான். ஊற்றுக்குப் போகும் பாதையோ ஒற்றையடிப் பாதை. இருபுறமும் பாறை. இருவரும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"பின்னால போ!"

"நீ போ!"

கங்காருவுக்கும் சரி, ஈமுவுக்கும் சரி, பின்னால் நடக்க வராது. திரும்பிப் போகலாமே என்பீர்கள். முதுகைக் காட்டினால் மானம் போய்விடுமாம்! நாள் நாளாக நின்றார்கள். பின்னால் நின்ற ஈமுக்களுக்கு அலுத்துப்போய், நின்ற இடத்திலேயே நெட்டையனை இறக்கிவிட்டு வேறு தலைவரைப் போட்டன. புதுத் தலைவரால் முன்னால் வர முடியவில்லை. பழையவரால் பின்னால் போக முடியவில்லை. இதற்கிடையே கோடையும் வந்துவிட்டது.

குளம் சேறானது. எதிர்க்கரை உடும்பு எழுந்து, நாக்கை நீட்டிக்கொண்டு, நிதானமாகச் சேற்றில் இறங்கியது.

நீராவின் அலறல் கேட்டதும் துருவி ஓடினாள். கூச்சமாவது ஒன்றாவது! தலையை நீராவின் வளைக்குள் விட்டு, தன் பெரிய பின்புறத்தால் வாசலை அடைத்துவிட்டாள். வாம்பட்டின் பின்புறம் மரப்பலகை மாதிரி. உடும்பு கடித்துப் பார்த்தது.

"நல்லாக் கடி! உன் பல்லுதான் போகும்!" என்றாள் துருவி உள்ளேயிருந்து.

சத்தம் கேட்டுக் காடே கரையில் கூடியது. ஆமையாரும் வந்தார். "காவலர் பாதையில மாட்டிக்கிட்டார். ஊற்றைப் பாக்க ஆளில்லை. சட்டப்படி மறுபடியும் கோக்கணும்!"

"மறுபடியுமா!" என்று எல்லாரும் முனகினார்கள்.

"இவங்க வந்தாலும் ஒண்ணுதான், அவங்க வந்தாலும் ஒண்ணுதான்," என்றது கோவாலா. "நான் வரலை. உருண்டை உண்டா?"

துருவிக்குத் தன் முகத்துக்கு நேரே நீராவும் குட்டிகளும் மட்டும் தெரிந்தார்கள். வெளியே இருந்த ஒரு முகமும் தெரியவில்லை. அதனாலோ என்னவோ, அவள் நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை.

"நான் ஒண்ணு சொல்லணும்!" என்றாள். குரல் வளைக்குள் முழங்கி வெளியே வந்தது. கூட்டத்துக்கு அவள் பின்புறம் மட்டும்தான் தெரிந்தது. அப்படிப் பேசிய வேட்பாளர் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

"போன தடவை நான் என்னையே முதல்ல கோக்கலை. ஈமு வந்துடுமோன்னு பயந்து கங்காருவைக் கோத்தேன். என்னை ரெண்டாவதா வெச்சேன். என்னை நம்பி ஒருத்தி கோத்தா. அவ முகத்தைப் பாக்கவே எனக்கு வெக்கமா இருக்கு!"

உள்ளே நீரா தன் அலகால் துருவியின் மூக்கை மெல்லத் தொட்டாள்.

வெளியே கோவாலா இரண்டு கண்ணையும் திறந்தது.

"நானும் உன்னை ரெண்டாவதாத்தான் கோத்தேன்!"

"நானும்!" என்றது வல்லபி என்ற ஒரு குட்டைக் கங்காரு.

"அட, நானும்!"

"நானும்தான்!"

ஒருவரை ஒருவர் பார்த்து விழித்தார்கள். எல்லார் மனசிலும் முதலில் இருந்தவளை எல்லாருமாகச் சேர்ந்து இரண்டாவதாகத் தள்ளியிருக்கிறார்கள்! பிறகு ஒருவர் சிரிக்க, காடே சிரித்தது. உடும்புக்கு மட்டும் சிரிக்க வாய் வரவில்லை, பல் ஆடிக்கொண்டிருந்தது.

மறுபடியும் புல் கொடுத்தார்கள். பாதையில் நின்றவர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். துருவி கோக்கப் போக வேண்டுமே, வாசலை யார் அடைப்பது?

"நான் படுத்துக்கறேன்," என்று கோவாலா மரத்தைவிட்டு இறங்கி வந்தது. "நான் தூங்கிட்டா என்னை யாராலயும் நகத்த முடியாது. ஆனா முதல்ல என் புல்லைக் கொடுங்க!"

இந்த முறை துருவி வேரை முதலில் கோத்தாள். வெளியே காக்கட்டூக்கள் கத்தத்தான் செய்தன. ஆனாலும் கோத்தாள்.

கங்காருக்கள் கங்காருவைத்தான் கோத்தன. ஈமுக்கள் ஈமுவைத்தான் கோத்தன. மற்றவர்கள் மனசில் இருந்ததைக் கோத்தார்கள். எண்ணிப் பார்த்தால் ஈமுவுக்குத்தான் முதலிடம் குறைவு. ஈமு விழுந்தது. ஈமுக்களின் புல்லில் இரண்டாவதாக யார்? கங்காருவைக் கோக்க அவற்றுக்கு மனசு வருமா? அத்தனையிலும் வேர்!

"துருவி காவலர்!" என்றார் ஆமையார். காக்கட்டூக்கள் முதல் முறையாக வாயடைத்துப்போயின.

துருவி நேரே ஒற்றையடிப் பாதைக்குப் போனாள். செம்பனும் நெட்டையனும் இன்னும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். கால் வீங்கி, பார்க்கவே பாவமாக இருந்தது.

"அண்ணே, உங்க ரெண்டு பேருக்கும் முன்னால போக மட்டும்தானே தெரியும்?"

"ஆமா!" என்றார்கள் இருவரும் பெருமையாக.

"அப்படிப்பட்டவங்கதான் எனக்கு வேணும்! செம்பன் அண்ணன் ஊத்துப் பக்கமிருந்து தோண்டட்டும். நெட்டையன் அண்ணன் குளத்துப் பக்கமிருந்து தோண்டட்டும். யாரும் பின்னால வர வேண்டாம். இப்ப எல்லாரும் ஒரே சமயத்துல திரும்பிக்குங்க. அப்ப யாரும் யாருக்கும் முதுகு காட்டினதா ஆகாது!"

இருவரும் யோசித்தார்கள். உள்ளுக்குள் இரண்டு பேருக்கும் வீட்டுக்குப் போக ஆசைதான். ஒரே சமயத்தில் திரும்பினார்கள்.

துருவி மண்ணை மோந்து வழி காட்ட, கங்காருக்கள் அங்கிருந்தும் ஈமுக்கள் இங்கிருந்தும் உதைத்துத் தள்ளின. நல்ல பலசாலிகள், இரண்டு கூட்டமும். இத்தனை காலம் அந்தப் பலமெல்லாம் அடுத்தவர் வாய்க்காலை மூடவே போனதை நினைத்தால் துருவிக்கு வருத்தமாகக்கூட இருந்தது. குன்றுக்கு நடுவில் ஒரு நாள் மண் சரிந்து, செம்பன் மூக்கும் நெட்டையன் அலகும் இடித்துக்கொண்டன.

"நீயா?" என்றான் செம்பன்.

"நான்தான்," என்றான் நெட்டையன். "கொஞ்சம் ஒதுங்கு. நான் முன்னால போகணும்."

இருவரும் உரசிக்கொண்டே கடந்து, ஒருவன் குளத்துப் பக்கமும் மற்றவன் ஊற்றுப் பக்கமும் வெளியே வந்தார்கள். எல்லாரும் வெளியேறியதும் துருவி ஊற்றங்கரையின் கடைசி மண்ணைத் தோண்டிவிட்டாள். தண்ணீர் சுரங்கத்தில் ஓடிவந்து குளத்தில் விழுந்தது. ஏறியது. நீராவின் வாசல் மறைந்தது. நனைந்து விழித்துக்கொண்ட கோவாலா அலறியடித்து மரத்தில் ஏற, உடும்பு வேறு காட்டைப் பார்த்துப் போனது.

நீரா தண்ணீருக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "அக்கா, அடுத்த தடவையும் உன்னைத்தான் முதல்ல கோப்பேன். ஆனா ஒண்ணு. தண்ணி குறைஞ்சுதுன்னா, உன்னைக் கடைசியிலதான் கோப்பேன்!"

"கண்டிப்பா அப்படியே செய்டி," என்றாள் துருவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நானும் அப்படித்தான் கோப்பேன்!"

மனசில் முதலில் இருப்பவரைப் பயத்தால் இரண்டாவதாக வைத்தால், நமக்குப் பிடிக்காதவர்களே மாறி மாறி முதலில் வந்துகொண்டிருப்பார்கள்.