காசிக்குப் போய்வந்த நண்டு

அந்தக் காலத்தில், நண்டும் நாரையும் மனிதரோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், காசிக்குப் போகிறவர் யாரும் திரும்பி வருவதில்லை. திரும்பி வருவதற்காக யாரும் போனதும் இல்லை. கங்கைக் கரையில் உயிர் போனால் ஈசனே குனிந்து காதில் மந்திரம் ஓதுவார், அப்புறம் பிறவியே கிடையாது என்று நம்பி, வயதானவர்கள் வீடு வாசலை ஒப்படைத்துவிட்டுக் கிளம்புவார்கள். ஊரும் அன்றைக்கே அவர்களைத் தலைமுழுகிவிடும்.

இராமேசுவரத்தில் செங்காலி என்று ஒரு நண்டு இருந்தாள். நண்டுக்கு மூக்கு கிடையாது. இருந்திருந்தால் அவள் கோபம் அதன் நுனியில்தான் குடியிருந்திருக்கும். கோவிலுக்குக் கிழக்கே கடலோரத்து ஈர மணலில் அவளுக்கு ஒரு வளை. நாளைக்கு இரண்டு தடவை கடல் வந்து அதை மூடும். இரண்டு தடவையும் கடலைத் திட்டிக்கொண்டே தோண்டுவாள்.

அதே ஊரில் சிவக்கொழுந்து என்று ஒருவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை குட்டி இல்லை. காசியில் கண்ணை மூடுவது என்று முடிவு செய்தார். பிறந்த மண்ணாவது தலைமாட்டில் இருக்கட்டும் என்று, கிளம்புகிற அன்று கடற்கரையில் குனிந்து இரண்டு கையாலும் மணலை வாரித் துண்டில் முடிந்துகொண்டார். உச்சி வெயிலுக்கு வளைக்குள் தூங்கிக்கொண்டிருந்த செங்காலியும் அந்த முடிச்சுக்குள் போய்விட்டாள்.

விழித்ததும் கத்தினாள். யார் கேட்பது? மனிதர் நடந்தால் வாய் ஓயாமல் "சிவ சிவ". வாயை மூடினால் குறட்டை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நண்டின் குரல் நுழைய இடமே இல்லை. "ஐயா, ஐயா" என்று ஆரம்பித்தவள் மதுரை வருவதற்குள் "ஓய்" என்றாள். கிருஷ்ணை ஆற்றைத் தாண்டும்போது சொன்னதை இங்கே எழுத முடியாது. கண்ட ஆற்றிலெல்லாம் அவர் மூட்டையோடு முழுகினார், அந்த ஈரத்தில்தான் அவள் உயிர் தரித்திருந்தாள். ஓர் ஆற்றங்கரையில் தவளை ஒன்று மூட்டையை எட்டிப் பார்த்து, "நண்டு கொழுத்தால் வளையில் தங்காது" என்று சொல்லிவிட்டுப் போனது.

"கொழுத்தா வந்தேன்? தூக்கிக்கிட்டுல்ல வந்துட்டாரு" என்று செங்காலி பல்லைக் கடித்தாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை ஓடு. நண்டு வளரும், ஓடு வளராது. பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டால்தான் பிழைக்கலாம், கழற்றுவதற்கோ கடல் தண்ணீர் வேண்டும். மூட்டைக்குள் அது நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே வந்தது.

ஒருவழியாகக் காசி வந்தது. சிவக்கொழுந்து படித்துறையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார். செங்காலி அவர் சுண்டுவிரலைக் கவ்விக்கொண்டாள். காசிக்குப் போனாலும் கருமம் தொலையாது என்று சும்மாவா சொன்னார்கள்.

"ஏய்யா, சாகப் போற மனுசன் ஒத்தையில போகக் கூடாதா? என்னை எதுக்குய்யா மூட்டை கட்டினீரு?"

விரலில் நண்டோடு சிவக்கொழுந்து கைகூப்பினார். "தெரியாம நடந்துபோச்சு தாயி. ஆனாலும் நீ கொடுத்துவெச்சவ. இந்த ஊருல புழு பூச்சி செத்தாக்கூட மோட்சமாம்."

"நான் மோட்சம் கேட்டேனா? எனக்கு என் வளை வேணும். ஓடு இறுகி மூச்சு முட்டுது. தை பொறக்குறதுக்குள்ள உப்புத் தண்ணியில எறங்கலைன்னா நான் செத்தேன்."

"எனக்குத் திரும்பி நடக்கத் தெம்பு ஏது தாயி?"

"வரும்போது என்னைக் கேட்டா வந்தீரு?"

பக்கத்தில் தர்ப்பை கிள்ளிக்கொண்டிருந்த படித்துறைப் புரோகிதருக்குத் தமிழ் தெரியும். இந்தக் கூச்சல் தாங்காமல் அவர் திரும்பினார். "ஓய், வேற ஊருல செஞ்ச பாவம் காசியில கரையும். காசியில செஞ்ச பாவம் கரையறதுக்கு ஊரே கிடையாது. இது செத்துதுன்னா உமக்கு மோட்சமும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டு மறுபடி தர்ப்பையைக் கிள்ளினார்.

சிவக்கொழுந்து அழுதார். எதிரே சிதைகள் எரிந்துகொண்டிருந்தன. இத்தனை பேருக்குக் கிடைத்தது தனக்கு மட்டும் இல்லையே என்று பொறாமையாகக்கூட இருந்தது. அப்புறம் மூக்கைச் சிந்தினார். சுமை குறையட்டும் என்று மணலைக் கங்கையில் கரைத்தார். ஒரு செம்பில் கங்கை நீர் மொண்டு, அதன் வாயை ஈரத் துணியால் கட்டி, துணி மடிப்பில் செங்காலியை உட்கார வைத்துக்கொண்டு தெற்கே பார்த்து நடந்தார்.

இந்தத் தடவை "சிவ சிவ" என்று சொல்ல அவள் விடவில்லை. "செம்பை ஆட்டாதீரும். வெயிலில போகாதீரும். இங்க என்னய்யா வேடிக்கை?" என்று நூறு காதம் அவர் காதைத் தின்றாள். வைகைக் கரை வந்தபோது அந்தக் குரல் நின்றுபோனது. சிவக்கொழுந்து மடிப்பை விரித்துப் பார்த்தார். கால்களைச் சுருட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தாள்.

"தாயி, ஒரு வார்த்தை திட்டு தாயி" என்று கெஞ்சினார். நடக்கத் தெம்பில்லை என்ற அந்தக் கிழவர் ஓட ஆரம்பித்தார்.

இராமேசுவரத்துக் கடலில் முழங்காலளவு தண்ணீரில் நின்று, அவளைக் கையில் ஏந்தி அலைக்குக் காட்டினார். ஓர் அலை போயிற்று. இன்னோர் அலை போயிற்று. வெகு நேரம் கழித்து ஓடு பின்பக்கம் வெடித்தது. அதற்குள்ளிருந்து வெள்ளை வெளேரென்று, பிசைந்த மாவுபோல் மெத்தென்று, செங்காலி பின்னோக்கி நகர்ந்து வெளியே வந்தாள்.

"கொண்டுவந்து சேர்க்க இவ்வளவு நாளா?" என்றாள்.

சிவக்கொழுந்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. செம்பில் பாதிக் கங்கை மிச்சம் இருந்தது. அதைக் கடலில் கொட்ட மனம் வரவில்லை. கோவிலுக்குக் கொண்டுபோய் ஈசன் தலையில் ஊற்றினார். காசியில் கிடைக்காத நிம்மதி அப்போது கிடைத்தது. போன காரியம் இப்போதுதான் முடிந்தது என்று அவருக்குத் தோன்றியது.

அன்று முதல்தான் காசிக்குப் போகிறவர்கள் இராமேசுவரத்து மணலை எடுத்துப்போய்க் கங்கையில் கரைக்கிறார்கள். கங்கையைக் கொண்டுவந்து இங்கே ஈசன் தலையில் ஊற்றினால்தான் யாத்திரை முடிந்தது என்கிறார்கள். நண்டும் அன்று முதல்தான், மனிதக் காலடி கேட்ட மாத்திரத்தில், வருகிறவர் எவ்வளவு பெரிய புண்ணியவான் என்றுகூடப் பார்க்காமல் வளைக்குள் ஓடிவிடுகிறது.