லைன்ல இருங்க

முதலில் கேட்டது ஒரு சிரிப்பு. பூரணி வீட்டுப் படியேறிய பிறகுதான் ஜன்னலில் இருந்த ரேடியோ குணபாலன் கண்ணில் பட்டது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நகர வானொலி. அதில் ‘மக்கள் குரல்’, ஊர்க்காரர்கள் போனில் கூப்பிட்டுப் பேசும் நேரம்.

அந்த வானொலியைத் தணிக்கை செய்ய வெளியிலிருந்து நியமிக்கப்பட்டவர் குணபாலன். எல்லாத் தெருவுக்கும் அது சமமாகக் காது கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்று பன்னிரண்டு மணிக்குள் குறையில்லை என்ற அறிக்கையில் அவர் கையெழுத்துப் போட்டால் இயக்குநருக்கு இன்னும் ஐந்து வருடம் பதவி.

அவருக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தவர் பூரணி. வயதில் அவரைவிட இளையவர்.

“நூறு நாள் ஒலிப்பதிவைக் கேட்டேன்மா. ஒரு குறையும் இல்லை. கேக்காமலே அலமாரியெல்லாம் திறந்து காட்டறாங்க. அதுதான் உறுத்துது.”

“எங்க உக்காந்து கேட்டீங்க?”

“நிலையத்துலதான். தனி ரூம். இஞ்சி டீ.”

“டீ நல்லா இருந்துதா?”

குணபாலன் பேச்சை மாற்றினார். “சாயப்பட்டறைத் தெருக்காரங்க புகார் குடுத்திருக்காங்க. தண்ணி நாறுது, குழந்தைங்க வாந்தி எடுக்குது, மூணு மாசமா கூப்பிடறோம், பேச விடலைன்னு. பதிவுல அப்படி ஒரு அழைப்பே இல்லை. நான் யாரைச் சந்தேகப்படறது?”

“நீங்களே கூப்பிட்டுப் பாருங்க.”

அழைத்தார். “தணிக்கையாளர் குணபாலன் பேசறேன்” என்றார், பழக்கத்தில். அடுத்த நொடி ஜன்னல் ரேடியோவில் அவர் குரலே கேட்டது. தண்ணீர் நாறுவதைச் சொன்னார். அறிவிப்பாளர் இரண்டு முறை நன்றி சொன்னார்.

“விடறாங்களே” என்றார் குணபாலன். முகத்தில் நிம்மதி.

பூரணி கொல்லைப்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பழனாத்தா ஈரக்கையோடு வந்தார். சாயப்பட்டறைத் தெருக்காரர். தன் போனில் அழைத்தார்.

“எந்தத் தெரு?”

சொன்னார்.

“லைன்ல இருங்க.”

போனில் பாட்டு ஆரம்பித்தது. பழனாத்தா போனைத் தரையில் வைத்துவிட்டார். “அவ்வளவுதானுங்க. சோறு பொங்கி, கொழம்பு கூட்டி எறக்கினாலும் இது பாடிட்டேதான் இருக்கும். எங்க தெருவுக்கே பாட்டு மனப்பாடம்.”

குணபாலன் அறிக்கையைப் புரட்டினார். “காத்திருந்தவங்களுக்குப் பதிவே கிடையாதேம்மா. எதைச் சாட்சியா வெச்சு எழுதறது? இன்னும் அரை மணிதான் இருக்கு.”

பூரணி தரையில் கிடந்த போனை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“காதுல வைங்க. யாராவது எடுத்தா, கையெழுத்துப் போட்டுடுங்க.”

பன்னிரண்டு அடித்தது. குணபாலன் போனை இறக்கவில்லை. பழனாத்தா கொல்லைக்குப் போய், பாதியில் விட்ட வாணலியைத் துலக்க ஆரம்பித்தார்.