எதிர்பார்த்த தோல்வி

கோவையில் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் ஓர் அலுவலகம். அங்கே சோதனைக் குழுவின் தலைவி மெஹருன்னிசாவை எல்லோரும் குரு என்றுதான் கூப்பிட்டார்கள். பாதி கிண்டல். பொங்கியண்ணன் மட்டும் மனசாரக் கூப்பிட்டார். வயதில் அவர்தான் மூத்தவர். வங்கி வேலையை விட்டுவிட்டுப் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்க வந்த சீடர்.

மருந்தின் அளவைக் கணக்கிடும் நிரலுக்கு அவர் சொந்தமாக ஒரு சோதனை எழுதினார். குழந்தையின் எடையைக் குறிக்காமல் விட்டால், நிரல் அளவைச் சொல்லக்கூடாது. எடையைக் கேட்க வேண்டும். ஓட்டிப் பார்த்தார். அது கேட்கவில்லை. முந்தைய நோயாளியின் எடையை எடுத்துக்கொண்டு அளவைச் சொல்லிவிட்டது. திரையில் சிவப்பு, அதாவது சோதனை தோல்வி.

மறுநாள் வெளியீடு. மேலிடத்துக்குப் பச்சை வேண்டும். சோதனையின் தலையில் ‘எதிர்பார்த்த தோல்வி’ என்று ஒரு குறி போட்டுவிட்டால், அது தோற்றாலும் பச்சைதான். ஊரே போடுகிற குறி. எடை பார்க்காமல் எந்த நர்ஸ் மருந்து கொடுக்கப் போகிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அவரும் போட்டார். மெஹருன்னிசா பச்சையைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தார். உள்ளே படிக்கவில்லை.

ஒரு மருத்துவமனையில் எடையைக் குறிக்காமல் விட்டார்கள். பெரியவருக்கான அளவு குழந்தைக்குப் போனது. உயிர் பிழைத்துவிட்டது. இனி காது கேட்காது என்றார்கள்.

அவசர அவசரமாக நிரலைத் திருத்தினார்கள். இப்போது அது ஒழுங்காக எடையைக் கேட்டது. பொங்கியண்ணன் தன் சோதனையை மறுபடி ஓட்டினார். இதிலாவது நியாயமான பச்சையைப் பார்த்துவிட வேண்டும் என்று மனம் கிடந்து தவித்தது. சிவப்பு வந்தது. இன்னொரு தரம் ஓட்டினார். அப்போதும் சிவப்புதான்.

குருவிடம் போனார்.

“தப்பத்தான் சரி பண்ணியாச்சுங்களே. இப்ப ஏனுங்க சிவப்பு?”

மெஹருன்னிசா வந்து பார்த்தார். குறி போட்ட இடத்திலேயே இருந்தது.

“தோக்கும்னு எழுதி வெச்சிருக்கீங்கண்ணா. ஜெயிச்சா அதுக்குத் தப்புதான்.”

“நல்லது நடந்திருக்குன்னு அதுக்குத் தெரியாதுங்களா?”

“அதுக்கு என்ன தெரியும்? நீங்க சொன்னத நம்புது. நானும் நம்புனேன்.”

பொங்கியண்ணனால் குருவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாவிப்பலகையின் மேல் கை வைத்தார்.

“இந்தக் குறிய எடுத்துட்டா சரியாயிருமுங்களா?”

“திரை சரியாயிரும்” என்றார் குரு.