எஜமானிக்குக் கார்

வீணை வித்வான் பஞ்சநதத்தோடு குப்பை கொட்டுவது லேசில்லை. கோயில் கச்சேரிக்கு ஊர்க்காரர்கள் கார் அனுப்பியிருந்தார்கள். முன் சீட்டில் மிருதங்கக்காரர் உட்கார்ந்துவிட்டார். பின் சீட்டில் தான் கால் நீட்டிப் படுக்க வேண்டுமாம் வித்வானுக்கு. அதனால் வீணை, உதவியாளன் சிங்காரத்தின் பைக்கில் வர வேண்டும்.

“கயிறு போட்டுக் கட்டிடறேங்க,” என்றான் சிங்காரம்.

“சரஸ்வதியைக் கட்டுவியா? தொலைச்சுடுவேன்!”

“அப்போ குறுக்கால படுக்க வச்சு...”

“எவனாவது இடிச்சா? குலுங்கவே கூடாது. அவதான்டா எஜமானி, நான் வெறும் வேலைக்காரன். மேடைக்கு மேடை சொல்றேனே, காதுல விழலை?”

தூறல் வேறு பிடித்துக்கொண்டது.

“ஒரு சொட்டு அவ மேல படக்கூடாது!”

சிங்காரம் தலையில் அடித்துக்கொண்டான். வீணையைத் தூக்கிப்போய்க் காரின் பின் சீட்டில் பதமாகப் படுக்க வைத்தான். கதவைச் சாத்தினான். மிருதங்கக்காரர் சிரிப்பை அடக்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிங்காரம் ஹெல்மெட்டை வித்வானிடம் நீட்டினான்.

“எஜமானி கார்ல போகட்டுங்க. வேலைக்காரங்க நாம பைக்ல போவோம். நீங்க நனையலாம், குலுங்கலாம். விழுந்துடுவோம்னு பயமா இருந்தா, கயிறு கையிலயே இருக்கு.”