கம்பளி விரித்த பதக்கப் பெட்டி

"வீட்டுக்குள்ளேயே திருட்டு நடக்குது அம்மா," என்றார் சுபேதார் சவரிராயன்.

மரியதங்கம் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"என்ன போச்சு?"

"எதுவும் போகல."

மரியதங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"மாத்தியிருக்கா," என்றார் சுபேதார். "என் மருமகள்."

மரியதங்கத்துக்கு நாற்பத்திரண்டு வயது. பதினாறு வருஷம் மாதா கோயிலில் பூசைப் பாத்திரங்களைத் துலக்கி வைத்தவர். ஒருநாள் அதை விட்டுவிட்டு, மலைச்சரிவில் தகரச் சுவர் வைத்த ஓர் அறைக்கு வந்துவிட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம், இங்கே காற்று வருகிறது என்றார். வெள்ளிக்கிழமைகளில் நாலைந்து பேர் வந்து அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.

அவர்களில் மூத்தவர் சுபேதார். அறுபத்தெட்டு வயது. முப்பது வருஷம் பட்டாளத்தில் உத்தரவுக்கு நடந்தவர். இங்கே வரத் தொடங்கி நாலு வருஷமாகியும் ஓர் உத்தரவுகூட வரவில்லை என்பது அவருடைய குறை.

"என்னத்தை மாத்தினா?"

"ரெமியோட பதக்கத்தை."

ரெமிஜியுஸ் அவருடைய ஒரே மகன். போன வருஷம் பனிமலைக் காவலில் இறந்தான். வெள்ளிப் பதக்கம் அவனுக்குப் பிறகு வந்தது. அவன் மனைவி செலினும், அவன் முகம் பார்க்காத குழந்தையும் இப்போது சுபேதார் வீட்டில் இருந்தார்கள்.

"கூடத்துல கண்ணாடிச் சட்டத்துக்குள்ள எல்லாத்தையும் மாட்டி வச்சிருந்தேன். எங்கப்பாவோடது, என்னோடது, ரெமியோடது, பதக்கம், தொப்பி பேட்ஜ், பித்தளைப் பொத்தான், எல்லாம் சேர்த்து நூத்திப் பன்னிரண்டு. ஒருநாள் பார்த்தா ரெமியோடது மட்டும் ஒரு விரல்கடை சரிஞ்சிருக்கு."

"கேட்டீங்களா?"

"கேட்டேன். குழந்தைக்கு அப்பாவைக் காட்டினேன் மாமாங்கறா. பதக்கத்துல அப்பா எங்க இருக்கான்? அப்பவே எனக்குப் பட்டுது."

"பிறகு?"

"எல்லாத்தையும் கழற்றி ஒரு பெட்டிக்குள்ள வச்சேன். தேக்குப் பெட்டி. உள்ளே பட்டாளத்துக் கம்பளியை வெட்டி நாலு பக்கமும் ஒட்டியிருக்கேன். மூடியைச் சுத்திச் சைக்கிள் டியூபை வெட்டி வச்சு அடைச்சிருக்கேன். காத்துகூட நுழையாது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிளாஸ்டிக் கவர். கவர் பிரியாம டியூபுல வளையம் வெட்டி இறுக்கிப் போட்டிருக்கேன். சாவி என் அரைஞாண்ல."

"நல்ல பந்தோபஸ்துதான்."

"நாப்பது நாள் கழிச்சுத் திறந்தேன். வெள்ளி இல்ல அம்மா. கறுப்பா என்னமோ கிடக்குது. வெள்ளியை எடுத்துட்டு ஈயத்தை வச்சிருக்கா."

"விளிம்புல பேர் வெட்டியிருப்பாங்களே."

"இருக்கு. நம்பர் இருக்கு, பேர் இருக்கு."

"பிறகென்ன?"

"அதையும் எவனாவது வெட்டிக் கொடுப்பான். கடைவீதியில ஆளா இல்ல?"

மரியதங்கம் இன்னொரு பிடி காயை எடுத்தார்.

"பெட்டி செஞ்ச ஆசாரி மேல சந்தேகம் இல்லையா?"

"இருந்தது. ரெண்டு தடவை அவர் பட்டறைக்குப் போய்ச் சும்மா நின்னுட்டு வந்தேன்."

"பால்காரர்?"

"அவரை இப்பல்லாம் வாசலோட அனுப்பிடறேன்."

"நான்?"

சுபேதார் யோசித்தார்.

"நீங்க எங்க வீட்டுக்கு வந்ததில்லையே," என்றார்.

மரியதங்கம் சிரித்தார். சுபேதார் சிரிக்கவில்லை.

"தேடினீங்களா?"

"தேடினேன். அவ டிரங்குப் பெட்டி, பாய், தலையணை உறை. மத்தியானம் அவ கண்ணசந்தப்போ தூளியைக்கூட அவிழ்த்துப் பார்த்தேன்."

"குழந்தை எங்க இருந்தது?"

"உள்ளேதான்."

கத்தி நின்றது.

"என்ன கிடைச்சுது?"

"ஒண்ணும் கிடைக்கல. அதுதான் எனக்குப் பெரிய சந்தேகமா இருக்கு."

ஒரு காகம் தகரத்தின் மேல் நடந்து போயிற்று.

"அவ அண்ணனை அடுத்த ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கேன்," என்றார் சுபேதார். "குழந்தையோட கூட்டிட்டுப் போயிடட்டும். என் வீட்டுல இனிமே அவளுக்கு இடம் இல்ல."

"அண்ணன் வீட்டுல இடம் இருக்கா?"

"ஒரே அறை. ஏழு பேர்."

மரியதங்கம் நறுக்கிய காயைச் சட்டியில் தள்ளினார்.

"நாளைக்குப் பெட்டியைத் தூக்கிட்டு இங்க வாங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் இங்கயே தங்குங்க."

சுபேதார் எழுந்து விறைப்பாக நின்றார். நாலு வருஷத்தில் வந்த முதல் உத்தரவு அது.

*

பெட்டி வந்தது. இரண்டு பேர் தூக்க வேண்டிய பெட்டியை அவர் ஒருவராகவே தூக்கி வந்திருந்தார். யாரையும் தொட விடவில்லை.

மரியதங்கம் ஒரு துணி முடிச்சை அவிழ்த்தார். உள்ளே இரண்டு சின்ன வெள்ளிக் கரண்டிகள். பூசையில் திராட்சை இரசத்துக்குத் துளித் தண்ணீர் விடுகிற கரண்டிகள். ஒரே அச்சு, ஒரே எடை. கோயிலை விட்டு வரும்போது பங்குச் சாமியார் கொடுத்தவை.

"ஒண்ணை உங்க பெட்டியில வைங்க. ரெமி பதக்கத்தை எப்படி வச்சீங்களோ அப்படியே."

சுபேதார் கரண்டியைக் கவரில் போட்டார். டியூப் வளையத்தை நடுவில் இறுக்கிப் போட்டார். கம்பளி மேல் வைத்தார். பூட்டினார். இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

மரியதங்கம் மற்றதை ஒரு நூலில் கட்டினார். வெளியே போய்ப் பாதையோரக் கொய்யா மரத்தில் தொங்கவிட்டார்.

"அம்மா, அந்த வழியாத்தான் ஆடு மேய்க்கிறவங்க போறாங்க."

"ஆமா."

"எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"போனா போகட்டும்."

"அப்போ ஒரு காவலாவது..."

"நீங்க பெட்டியைப் பாருங்க. பகல்ல மட்டும் நான் வருவேன், கஞ்சி கொடுக்க. மத்த நேரம் கீழே டீக்கடை ரோசம்மா வீட்டுல இருப்பேன். அறை உங்களுக்கு."

பெட்டி மேற்குத் தகரச் சுவரை ஒட்டி இருந்தது. மத்தியானம் ஆனால் அந்தச் சுவரில் கை வைக்க முடியாது. சுபேதார் எதிரில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார். குளிக்கப் போனால் கதவைப் பூட்டிக்கொண்டு போனார். முதல் நாளே தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி மூடியின் இடுக்கில் ஒட்டிவைத்தார். யார் திறந்தாலும் முடி விழுந்துவிடும்; எல்லையில் கற்றது.

மூன்றாம் நாள் கஞ்சி கொண்டுவந்த மரியதங்கம் கேட்டார்.

"சாப்பிடலையா?"

"நீங்க முதல்ல ஒரு வாய் குடிங்க."

மரியதங்கம் ஒரு வாய் குடித்துவிட்டுக் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் சுபேதார் வாசலிலேயே நின்றார்.

"அம்மா, முடியைக் காணோம்."

"எந்த முடி?"

"மூடியில வச்ச முடி."

"காத்து அடிச்சிருக்கும்."

"காத்துன்னு நீங்க சொல்றீங்க."

"இங்க வேற யாரு இருக்கா சொல்றதுக்கு?"

"அதைத்தான் நானும் பார்க்கறேன்," என்றார் சுபேதார்.

அன்றைக்கு மரியதங்கம் உள்ளே வரவில்லை. கஞ்சிப் பாத்திரத்தை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். சுபேதார் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. திறந்தால் அந்த நேரத்தில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று நினைத்தார். வேறொரு முடி பிடுங்கினார்.

ஏழாம் நாள் கொய்யா மரத்தடியில் ஓர் ஆட்டுக்காரர் நின்று கரண்டியைச் சுண்டிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சுபேதாருக்கு எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. பெட்டியை விட்டுவிட்டு எப்படிப் போவது? உட்கார்ந்தபடியே அதட்டினார். ஆட்டுக்காரர் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"கும்பிடறான் பார்," என்று சுபேதார் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் செலின் மலையேறி வந்தாள். தோளில் குழந்தை. பின்னால் அவள் அண்ணன், தலையில் டிரங்குப் பெட்டியுடன்.

"பஸ் ஏறப் போறோம். குழந்தைக்கு ஒரு ஜெபம் சொல்லி அனுப்புங்கக்கா," என்றாள் மரியதங்கத்திடம்.

சுபேதார் வாசலில் நின்றார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணனிடம் பெட்டியை இறக்கச் சொன்னாள். தானே குனிந்து அதைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

நாலு சேலை. குழந்தைத் துணிகள். ஒரு ஜெபமாலை. கல்யாண போட்டோ.

"பார்த்துக்கங்க மாமா. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது."

"செலின், மூடு அதை," என்றான் அண்ணன்.

"பார்க்கட்டும் அண்ணே."

சுபேதார் ஓர் அடி முன்னால் வந்தார்.

"முதல்ல உங்க பெட்டி," என்றார் மரியதங்கம்.

சுபேதார் உள்ளே போனார். முடி இருந்த இடத்திலேயே இருந்தது. பூட்டில் ஒரு கீறல் இல்லை. சாவியை எடுத்துத் திறந்தார். கம்பளி வாடை குப்பென்று வந்தது. கரண்டியை எடுத்து டியூப் வளையத்தை உருவினார். கவரைப் பிரித்தார்.

கரண்டியின் நடுவில், வளையம் இருந்த இடத்தில், தீயில் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பட்டை. மற்ற இடமெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது.

மரியதங்கம் கொய்யா மரத்துக்குப் போய் வந்தார். மற்றக் கரண்டியில் தூசி படிந்திருந்தது. சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தார். வெள்ளை.

அதையும் சுபேதார் கையில் வைத்தார்.

"யாரு மாத்தினா, சுபேதார்?"

"நான் கண்ணை எடுக்கவே இல்லையே அம்மா."

"தெரியும். யாரு?"

சுபேதார் பெட்டிக்குள் கைவிட்டு ரெமியின் பதக்கத்தை எடுத்தார். வளையத்தை உருவினார். இத்தனை நாளும் அவர் பார்க்காத ஒன்று அதில் இருந்தது. கறுப்பின் நடுவே இன்னும் கெட்டியான ஒரு பட்டை, அவர் வெட்டிய வளையத்தின் அகலத்துக்கு. அதுவரை பிரித்துப் பார்க்காத தன் அப்பாவுடைய பதக்கத்தை எடுத்தார். தன்னுடையதை எடுத்தார். பட்டை. பட்டை.

செலின் எட்டிப் பார்த்தாள்.

"டியூபா போட்டீங்க மாமா?"

அவர் தலையாட்டினார்.

"ரப்பர் பட்டா வெள்ளி கறுக்கும். கம்பளியும் ஆகாது. எங்க ஹாஸ்டல்ல மாதா டாலர் கோத்த வெள்ளிச் செயினுக்கு ரப்பர் வளையம் போட்டு டப்பாவுல வைப்போம். ரெண்டே வாரத்துல கறுத்துடும். ஆளாளுக்கு நீ மாத்தினே, நீ மாத்தினேன்னு ஒரே சண்டை. கடைசியில சிஸ்டர் வந்து எல்லாத்தையும் துவைச்ச பருத்தித் துணியில சுத்தி வைக்கச் சொன்னாங்க. துடைச்சா வந்துடும் மாமா. அழுத்தித் தேய்க்காதீங்க, பேர் தேஞ்சுடும்."

"இதை நீ ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"பெட்டி பக்கத்துல வந்தேன். என்ன பார்க்கறேன்னு கேட்டீங்க. நான் சமையல்கட்டுக்குப் போயிட்டேன்."

சுபேதார் பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் இருந்த பேரைக் கட்டைவிரலால் தடவினார். எழுத்தெழுத்தாகத் தடவினார்.

கீழே பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"பெட்டியைத் தூக்காதே தம்பி," என்றார் செலினின் அண்ணனிடம். "அவ எங்கயும் போக வேணாம்."

"அதை அவ சொல்லணும் மாமா," என்றான் அவன்.

செலின் டிரங்குப் பெட்டியை மூடினாள். கொக்கியை மாட்டினாள். கொஞ்ச நேரம் அதன் மேலேயே கையை வைத்திருந்தாள்.

"இருக்கேன்," என்றாள். "நான் படுக்கற அறைக்கு உள்பக்கமா ஒரு தாழ்ப்பாள் போட்டுக் கொடுங்க."

"தாழ்ப்பாளா? வீட்டுல இருக்கறது நீயும் நானும் குழந்தையும்தானே. வேற யாரு வரப்போறா?"

செலின் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

சுபேதார் மரியதங்கத்தைப் பார்த்தார்.

மரியதங்கம் அறைக்குள் போனார். ஒரு திருப்புளியும் நாலு திருகாணியும் எடுத்துவந்து அவர் கையில் வைத்தார்.